கோழி கடைசியாத்தான் சொல்லும்

எங்கப்பா பல வருஷமா ஒரே மாதிரி நோட்டுதான் வச்சிருந்தாரு. நீள நோட்டு, இடது பக்கம் தேதி, வலது பக்கம் முட்டை எண்ணிக்கை, ஓரத்துல பர்சன்ட், அதாவது நூறு கோழிக்கு எத்தன முட்டைங்கற கணக்கு, அவ்வளவுதான். காலைல முட்டை எடுத்து முடிச்சு ட்ரே கணக்கு வந்ததும் எழுதுவாரு, நேத்து நம்பரோட ஒத்துப் பாப்பாரு, கூடியிருந்தா டீ குடிக்கப் போயிடுவாரு, கொறஞ்சிருந்தா செட்டுக்குள்ள போயி ஒவ்வொரு வரிசையா நடந்துட்டு வருவாரு. நான் சின்னப்புள்ளைல இருந்து பாத்த பண்ணைன்னா அந்த நோட்டுதான்.

எங்க ஊரு நாமக்கல் பக்கம், புதுச்சத்திரத்துல இருந்து கொஞ்சம் உள்ள போகணும். 14,000 லேயர் கோழி, அதாவது முட்டைக் கோழி வச்சிருக்கோம். லட்சக்கணக்குல வச்சிருக்கறவங்க இருக்குற இந்த ஏரியாவுல இது சின்னப் பண்ணைதான். 2018ல அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வச்ச பிறகு நான் கோயமுத்தூர் வேலைய விட்டுட்டு வந்துட்டேன். வந்த புதுசுல நானும் அந்த நோட்டத்தான் நம்புனேன், நம்பர் நல்லா இருந்தா கோழி நல்லா இருக்குன்னு அர்த்தம்னு நெனச்சேன். அது எவ்வளவு தப்புன்னு புரிய எனக்கு ரெண்டு பேட்ச் கோழி ஆச்சு. அந்தக் கோழிங்க பட்ட பாட்டத்தான் இங்க எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருக்கேன்.

முதல்ல 2021. அந்த வருஷம் பண்ணை வச்சிருந்த யாருக்கும் சோயா விலை மறந்திருக்காது. முந்தின வருஷத்த விட ரெண்டு மடங்குக்கு மேல போயிடுச்சு, கடைசில ஆகஸ்ட்ல மத்திய அரசே மரபணு மாத்துன சோயாவோட புண்ணாக்க 12 லட்சம் டன் இறக்குமதி பண்ணிக்கலாம்னு அனுமதி குடுக்கற நெலமைக்கு வந்துச்சு. முட்டை விலை நம்ம கையில இல்ல, 1982ல என்இசிசிங்கற தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு ஆரம்பிச்சதுல இருந்து தினமும் அவங்க அறிவிக்கற விலைய ஒட்டித்தான் விக்கறோம். நம்ம கையில இருக்கறது தீவனம் ஒண்ணுதான், செலவுல முக்கால்வாசிக்குப் பக்கத்துல அதுதான் போகுது. அதனால எல்லாரும் செஞ்சதத்தான் நாங்களும் செஞ்சோம். சோயாவ கொறச்சுட்டு கடலைப்புண்ணாக்கும் சூரியகாந்திப் புண்ணாக்கும் சேத்தோம், தவிட்ட கொஞ்சம் கூட்டுனோம். லேப்புக்கு சாம்பிள் அனுப்புனா புரோட்டீன் 16.8 பர்சன்ட்னு வந்துச்சு, பழைய தீவனத்துல 17 இருந்துச்சு. ஒண்ணும் பெருசா மாறலையேன்னு நிம்மதி ஆயிட்டோம். கிலோவுக்கு 3 ரூபா மிச்சம், ஒரு நாளைக்கு எங்களுக்கு ஒன்றரை டன் தீவனம் வேணும், அப்ப தினமும் 4,500 ரூபா மிச்சம்னு அப்பா பேப்பர்ல எழுதிக் காமிச்சாரு.

அந்த பேட்ச்சுக்கு அப்ப 44 வாரம், 90 பர்சன்ட் ஓடிட்டு இருந்துச்சு. தீவனம் மாத்தி முதல் வாரம் 90. ரெண்டாவது வாரமும் 90, ஒரு நாள் 89.5. அப்பா நோட்டப் பாத்துட்டு சந்தோஷமா இருந்தாரு. ட்ரே தூக்கற அண்ணன் மட்டும் ஒரு நாள் "அம்மிணி, ட்ரே லேசா இருக்குதுங்க"ன்னாரு, நான் அத காதுல வாங்கல. மூணாவது வாரம் 87, 85, 82ன்னு படியில எறங்கற மாதிரி எறங்குச்சு. ஏதோ நோய்னு நெனச்சு டாக்டர வரச் சொன்னோம். அவரு நாமக்கல் வெட்னரி காலேஜ்ல படிச்சவரு, இந்தப் பக்கத்துப் பண்ணை எல்லாம் அவருக்கு அத்துப்படி.

வந்தவரு நோட்ட பொரட்டிப் பாத்துட்டு கேட்ட முதல் கேள்வி, "முட்டை எடை எங்கம்மிணி எழுதியிருக்கீங்க?" எழுதல. "கோழி எடை?" எழுதல. "தினம் எத்தன கிராம் திங்குது?" மூட்டைக் கணக்குதான் தெரியும், கிராம் தெரியாது. உடனே ஒரு தராசு எடுத்துட்டு வரச் சொல்லி நூறு முட்டை எடை போட்டோம், ஒரு முட்டை 51 கிராம் வந்துச்சு. முன்னாடி வியாபாரிக்கு எடை போட்டுக் குடுத்த பழைய சீட்டுல 54 இருந்துச்சு. அப்புறம் முப்பது கோழிய புடிச்சு எடை போட்டோம், ஒன்றரை கிலோ இருக்க வேண்டியது 1.38ன்னு வந்துச்சு. டாக்டர் ஒரு கோழிய மடியில வச்சு நெஞ்சு ரெண்டு பக்கமும் தடவிட்டு என் கைய எடுத்து அங்க வச்சாரு, எலும்பு கத்தி மாதிரி தட்டுப்பட்டுச்சு, சதையே இல்ல. "ரெண்டு வாரமா தன் சதையக் கரைச்சு முட்டை போட்டிருக்குதுங்க. நீங்க நம்பர் எறங்கலைன்னு நெனச்சிருக்கீங்க, அதுக்கு இதுக்கு மேல குடுக்க ஒண்ணும் இல்லைன்னு ஆனப்பதான் நம்பர் எறங்கியிருக்கு"ன்னாரு.

அது என் மனசுல அப்படியே நின்னுடுச்சு.

புரோட்டீன் 16.8 இருந்துச்சே, அப்புறம் எப்படின்னு கேட்டேன். அவரு சொன்னத என் பாஷைல சொல்றேன். லேப்ல புரோட்டீன்னு நேரா எதையும் அளக்கறதில்ல, நைட்ரஜன அளந்து 6.25ஆல பெருக்கிக் குடுக்கறாங்க. அந்த நம்பருக்கு சோயாவும் தெரியாது, கடலையும் தெரியாது. கோழிக்கு வேண்டியது புரோட்டீனுங்கற மொத்தம் இல்ல, அதுக்குள்ள இருக்கற அமினோ அமிலங்க ஒவ்வொண்ணும் தனித்தனியா வேணும். முக்கியமா மெத்தியோனின், லைசின். மக்காச்சோளமும் சோயாவும் போட்ட தீவனத்துல முதல்ல பத்தாமப் போறது மெத்தியோனின், அடுத்தது லைசின். சோயாவுல இருக்கற லைசின்ல கிட்டத்தட்ட பாதிதான் கடலைப்புண்ணாக்குல இருக்கு, சூரியகாந்திலயும் லைசின் கம்மி. ஒரு அமினோ அமிலம் கொறஞ்சாலும் மத்ததெல்லாம் இருந்தும் பிரயோஜனம் இல்ல, செங்கல் மலை மாதிரி குவிஞ்சு கெடந்தாலும் சிமெண்ட் இல்லாம செவரு எழும்பாது பாருங்க, அது மாதிரி. மிச்சமாகற புரோட்டீன ஒடம்பு ஒடச்சு எச்சத்துல வெளிய தள்ளிடும், செட்டுல அமோனியா வாடைதான் கூடும்.

50 கிராம் சொச்சம் முட்டையில 6 கிராமுக்கு மேல புரோட்டீன் இருக்கு. ஒன்றரைக் கிலோ கோழி அத கிட்டத்தட்ட தினமும் செஞ்சு தருது. அமெரிக்காவுல தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 1994ல போட்ட அட்டவணை ஒண்ணு இருக்கு, இன்னைக்கும் பல பேரு அத அடிப்படையா வச்சுப் பேசறாங்க. அதுல வெள்ளைக் கோழிக்கு ஒரு நாளைக்கு மெத்தியோனின் 300 மில்லிகிராம், லைசின் 690 மில்லிகிராம்னு போட்டிருக்கும். இப்ப இருக்கற ரகங்க அதுக்கும் மேல கேக்குது, ஏன்னா முட்டையும் அப்பத்த விட அதிகமா போடுது. 300 மில்லிகிராம்னா உப்புல ஒரு சிட்டிகை அளவு கூட இல்ல. அது கொறஞ்சதுக்கு முதல்ல முட்டை சின்னதாச்சு, அப்புறம் கோழி இளைச்சுச்சு, எண்ணிக்கை கடைசியாத்தான் விழுந்துச்சு. இந்த வரிசைய நான் இனிமே மறக்க மாட்டேன்.

சோயாவ பழைய அளவுக்கே கொண்டு வந்தோம், லைசினும் மெத்தியோனினும் பொடியா வாங்கிச் சேத்தோம். மூணு வாரத்துல 87 வந்துச்சு, ஆனா அந்த பேட்ச் 90ஐ திரும்பப் பாக்கவே இல்ல. அப்பா கணக்குல 4,500 மிச்சம். 90ல இருந்து 82க்கு வந்ததுல தினமும் 1,120 முட்டை போச்சு, முட்டை 4 ரூபான்னு வச்சாலே 4,480. எடை கொறஞ்சதால வியாபாரி புடிச்ச காசு தனி. அப்பா அந்த ரெண்டு நம்பரையும் ஒரே பேப்பர்ல பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாத்துட்டு ஒண்ணும் பேசல, அன்னைக்கு சாயங்காலமே நாமக்கல் போயி ஒரு டிஜிட்டல் தராசு வாங்கிட்டு வந்து என் மேசை மேல வச்சுட்டுப் போயிட்டாரு.

இதுல இருந்து நான் கத்துக்கிட்ட அடுத்த விஷயம் கிராம். தீவன மூட்டையில ஒட்டியிருக்கற சீட்டுல எல்லாம் பர்சன்ட்தான் இருக்கும், ஆனா கோழி பர்சன்ட்ட திங்கறதில்ல, கிராமத் திங்குது. 17 பர்சன்ட் புரோட்டீன் தீவனத்த மார்கழில 110 கிராம் தின்னா 18.7 கிராம் புரோட்டீன் உள்ள போகுது. அதே மூட்டை, அதே தீவனம், ஏப்ரல் கடைசில நாமக்கல் வெயில்ல 92 கிராம்தான் தின்னுச்சுன்னா 15.6 கிராம்தான் போகும். தீவனத்துல ஒண்ணும் மாத்தல, ஆனா கோழிக்கு ஆறுல ஒரு பங்கு கொறஞ்சிடுச்சு. பல பேரு "அதே தீவனந்தானுங்க போடறோம், ஏன் எறங்குது"ன்னு கேப்பாங்க, நானும் கேட்டிருக்கேன். அதே தீவனம் போட்டதாலதான் எறங்குது.

எனர்ஜி விஷயமும் இப்படித்தான். கோழி பெரும்பாலும் எனர்ஜி தேவைக்குத்தான் திங்கும், அந்தத் தேவை முடிஞ்சா நிறுத்திக்கும். மக்காச்சோளத்துல கிலோவுக்கு 3,300 கிலோகலோரி இருக்கு, எண்ணெய் எடுத்த தவிட்டுல அதுல பாதி சொச்சம்தான். மக்காச்சோளம் தூக்கலா போட்டு எனர்ஜிய ஏத்திட்டா கோழி கம்மியா தின்னுட்டு நிறுத்திடும், அப்ப கால்சியம், புரோட்டீன், விட்டமின் எல்லாமே சேந்து கொறையும், வயித்துல கொழுப்பு வேற கட்டும். தவிட தூக்கலா போட்டா நெறைய தின்னும், ஆனா ஒரு அளவுக்கு மேல வயிறு எடம் குடுக்காது. அதனால ஒரு சத்த மட்டும் தனியா கூட்டறது கொறைக்கறதுன்னு ஒண்ணு கெடையாது, எதத் தொட்டாலும் மிச்சத்தையும் திரும்பக் கணக்குப் போடணும். வெயில் காலத்துல புரோட்டீன மொத்தமா ஏத்துனா அத செரிக்கறப்ப வர்ற சூடே கோழிக்கு பாரம், அதனால அந்த மாசங்கள்ல நாங்க மொத்த புரோட்டீன ஏத்தாம அமினோ அமிலத்த மட்டும் ஏத்தறோம், கொஞ்சம் எண்ணெய் சேக்கறோம். எண்ணெய்ல லினோலீயிக் அமிலம்னு ஒரு கொழுப்பு அமிலம் இருக்கறதால முட்டை எடையும் விழாம நிக்குது.

இப்ப கால்சியத்துக்கு வரேன். எனக்கு இதப் பத்தி எவ்வளவு பேசினாலும் தீராது.

ஒரு முட்டை ஓட்டுல 2 கிராமுக்கு மேல சுத்தமான கால்சியம் இருக்கு, ஓடே நூத்துக்கு 94 பங்கு கால்சியம் கார்பனேட், அதாவது நம்ம சுண்ணாம்புக்கல்லு. கோழி தின்ற கால்சியத்துல பாதியத்தான் உறிஞ்சுக்கும்னு வச்சா தினமும் 4 கிராம் உள்ள போகணும். அதனாலதான் லேயர் தீவனத்துல பத்துல ஒரு பங்கு கல்லு. 110 கிராம் தீவனத்துல 11 கிராம் கல்லு, வருஷத்துக்கு ஒரு கோழி 4 கிலோ கல்லு திங்குது. அதோட மொத்த எலும்புலயும் சேத்து இருக்கற கால்சியம் 20 கிராம் அளவுதான், ஆனா வருஷத்துக்கு 300 முட்டை போட்டா 660 கிராம் கால்சியத்த ஓடா வெளிய தள்ளுது. தன் எலும்புல இருக்கறத மாதிரி முப்பது மடங்குக்கு மேல. முதல் தடவ இந்தக் கணக்கப் போட்டப்ப தப்பாப் போட்டுட்டேன்னு நெனச்சு திரும்பத் திரும்பப் போட்டேன்.

அதுலயும் நேரம் இருக்கு. மஞ்சக்கரு எறங்கி முட்டையா வெளிய வர ஒரு நாளைக்குக் கொஞ்சம் கூட ஆகும். வெள்ளைக்கரு சேர 3 மணி நேரம், உள்சவ்வு கட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல, மிச்சம் 20 மணி நேரம் ஓடு கட்டறதுக்கே. அந்த 20 மணி நேரத்துல பெரும்பகுதி ராத்திரில வருது. லைட் அணைச்சு செட்டு அடங்கி கோழி எல்லாம் தூங்கற நேரத்துலதான் உள்ள ஓடு மும்முரமா கட்டிட்டு இருக்கும், ஆனா அப்ப கோழி ஒண்ணும் திங்கறதில்ல. அப்ப கால்சியம் எங்க இருந்து வரும்? இரை அரைக்கிற பையில சாயங்காலம் போட்ட கல்லு மீதி இருந்தா அது மெதுவா கரைஞ்சு வரும். இல்லைன்னா எலும்புல இருந்து எடுக்கும்.

பொட்டைக் கோழிக்குன்னே எலும்புக்குள்ள ஒரு தனி எலும்பு இருக்கு. முதல் முட்டைக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஹார்மோன் ஏறறப்ப தொடை எலும்புக் குழாய்க்குள்ள பஞ்சு மாதிரி கட்ட ஆரம்பிக்கும், கால்சியத்த வைக்கறதுக்கும் எடுக்கறதுக்குமே அது. இன்னொண்ணு, 2005ல மேரி ஷ்வைட்சர்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி, டைரனோசாரஸ் ரெக்ஸ் தொடை எலும்பு ஒண்ணுல இதே மாதிரி எலும்பப் பாத்ததா எழுதினாங்க, அது முட்டை போடற பருவத்துல இருந்த பொட்டை டைனோசரா இருக்கும்னு அவங்க சொன்னாங்க. எங்க செட்டுல கூண்டுக்குள்ள நிக்கற வெள்ளைக் கோழிக்குள்ள அவ்வளவு பழைய ஏற்பாடு ஒண்ணு ஓடிட்டு இருக்குன்னு நெனச்சா எனக்கு இப்பவும் ஒடம்பு சிலிர்க்கும்.

அந்த ஏற்பாட்டத்தான் 2023 கோடையில நாங்க கெடுத்தோம். வழக்கமா ரெண்டு, மூணு மில்லிமீட்டர் கிரிட்டு, அதாவது சுண்ணாம்புக்கல்லு குருணை வாங்குவோம். அந்த ஏப்ரல்ல கிரிட்டு இல்லைன்னு ஒரு வியாபாரி பொடியா அரைச்ச சுண்ணாம்புக்கல்ல அனுப்புனாரு, கால்சியம் ரெண்டும் ஒண்ணுதானேன்னு நானும் சம்மதிச்சேன். லேப்ல 38 பர்சன்ட் கால்சியம், சரியாத்தான் இருந்துச்சு. ஆனா பொடி வயித்துல நிக்காது, சீக்கிரமே கரைஞ்சு எறங்கிடும், ராத்திரிக்கு மிச்சம் இருக்காது. அதோட வெயில். கோழிக்கு வேர்வை கெடையாது, வாயத் தொறந்து மூச்சு வாங்கித்தான் சூட்ட எறக்கும், அப்படி வாங்கறப்ப கார்பன் டை ஆக்சைடு அதிகமா வெளிய போயி ரத்தத்துல பைகார்பனேட் கொறைஞ்சிடும். ஓடு கட்ட கால்சியம் மட்டும் பத்தாது, கார்பனேட்டும் வேணும்ல. தீவனம் கம்மியா தின்னுது, தின்ன கால்சியம் ராத்திரிக்கு நிக்கல, கார்பனேட்டும் மூச்சோட போகுது. இந்த மூணும் ஒண்ணா அடிச்சுச்சு.

முட்டை எண்ணிக்கை? 91. எறங்கவே இல்ல.

ஆனா இந்தத் தடவ நோட்டுல வேற நம்பரும் எழுதிட்டு இருந்தேன், உடைசல் முட்டை ஒண்ணரை பர்சன்ட்ல இருந்து நாலு ஆச்சு. காலைல அஞ்சு மணிக்கு செட்டுக்குள்ள போனா கூண்டுக்குக் கீழ தோல் முட்டை. ஒண்ண எடுத்து உள்ளங்கையில வச்சேன், சூடா இருந்துச்சு, ஓடே இல்லாம வெறும் சவ்வு, விரல் பட்டா குழி விழுது, எடுத்தா திரும்ப எழும்புது, டார்ச் அடிச்சா உள்ள மஞ்சக்கரு மெதக்கறது தெரியுது. கோழி அன்னைக்கும் முட்டை போடத்தான் செஞ்சிருக்கு, ஓடுதான் இல்ல.

ரெண்டு நாள் கழிச்சு மூணாவது வரிசையில ஒரு கோழி மூலையில ஒக்காந்தே இருந்துச்சு. தூக்குனேன், ரெண்டு காலும் பின்னால நீட்டிக்கிச்சு, நிக்க வைச்சா சரிஞ்சு விழுந்துச்சு. ஆனா கண்ணு தெளிவா இருக்கு, கொண்டை நல்ல செகப்பு, அன்னைக்குக் காலைலதான் முட்டை போட்டிருக்கு. நெஞ்செலும்பத் தடவிப் பாத்தேன், நேரா இருக்க வேண்டியது நெளிஞ்சு போயிருந்துச்சு. அன்னைக்கே இன்னொண்ணு செத்துக் கெடந்துச்சு, டாக்டர் வந்து அறுத்துப் பாத்தாரு, விலா எலும்ப ரெண்டு விரல்ல புடிச்சு ஒடிச்சாரு, படக்குன்னு ஒடியல, ஈரக் குச்சி மாதிரி மடங்குச்சு. வயித்துல அடுத்த முட்டை தயாரா இருந்துச்சு, ஓடோட. எலும்பக் கரைச்சு அந்த ஓட்டக் கட்டியிருக்கு. நான் அன்னைக்கு அழுதேன், சொல்றதுல ஒண்ணும் வெக்கம் இல்ல. பொடி வாங்கச் சம்மதிச்சது நான்தான்.

உயிரோட இருந்த கோழிய கூண்டுல இருந்து எடுத்து வீட்டு வாசல்ல ஒரு கூடைக்குக் கீழ விட்டேன், தண்ணியும் தீவனமும் எட்டற தூரத்துல, ஒரு கொட்டாங்குச்சியில கிளிஞ்சல் ஒடச்சுப் போட்டு வச்சேன். இந்த மாதிரி கோழிங்க ஆரம்பத்துலயே கீழ எறக்கி விட்டா பல நேரம் தேறிடும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு.

செட்டுல மாத்துனது இவ்வளவுதான். வேற எடத்துல இருந்து கிரிட்டு கொண்டு வந்தோம், மூணுல ரெண்டு பங்கு கிரிட்டு, ஒரு பங்கு பொடி. தீவனத்துல பாதிக்கு மேல சாயங்காலம் போட ஆரம்பிச்சோம், அப்பதான் வெயிலும் தாழ்ந்திருக்கும், கோழியும் கால்சியத்தத் தேடற நேரம் அது. மூச்சோட போற பைகார்பனேட்ட ஈடு கட்ட சோடா உப்பு சேத்தோம். தண்ணித் தொட்டிக்கு மேல கீத்து வேஞ்சோம், ஏன்னா சுடு தண்ணி வந்தா கோழி குடிக்காது, குடிக்காத கோழி திங்காது. உடைசல் ஒரு வாரத்துல எறங்க ஆரம்பிச்சுச்சு. இன்னொண்ணும் இப்ப கவனமா செய்யறோம், வயசு ஏற ஏற கால்சியத்தக் கூட்டறோம். வயசான கோழி பெரிய முட்டை போடும், ஆனா ஓட்டுக்கு ஒதுக்கற கால்சியம் ஏறக்கொறைய அதே அளவுதான், பெரிய முட்டை மேல அதே சுண்ணாம்பப் பூசுனா மெல்லிசாத்தான் வரும். அதனால 50 வாரத்துக்கு மேல மெத்தியோனினக் கொஞ்சம் கொறச்சு முட்டை ரொம்பப் பெருசாகாமயும் பாத்துக்கறோம். முட்டைக்கு வராத குஞ்சுக் கோழிக்கு மட்டும் லேயர் தீவனத்தக் குடுத்துடாதீங்க, அவ்வளவு கால்சியம் அதோட கிட்னிய கெடுத்துடும். முட்டைக்கு வர்ற ரெண்டு வாரம் முன்னாடி 2, 2.5 பர்சன்ட் கால்சியத்துல ஒரு தீவனம் குடுத்து எலும்ப ரொப்பிட்டு அப்புறம் மாத்துங்க.

பாஸ்பரஸப் பத்தி ஒரு வார்த்தை. எலும்புல கால்சியம் தனியா ஒக்காராது, பாஸ்பரஸோட சேந்துதான் ஒக்காரும். தானியத்துலயும் புண்ணாக்குலயும் பாஸ்பரஸ் நெறைய இருக்கு, ஆனா மூணுல ரெண்டு பங்கு பைட்டேட்டுங்கற பூட்டுக்குள்ள இருக்கு, கோழி வயித்துல அதுக்குச் சாவி இல்ல. அதுக்குத்தான் பைட்டேஸ் என்சைம் சேக்கறோம், பாஸ்பரஸுக்காகப் போடற டிசிபிங்கற (டைகால்சியம் பாஸ்பேட்) உப்போட செலவு கொறையும். ஆனா பைட்டேஸ் போட்டாச்சுன்னு டிசிபிய அறவே நிறுத்திடாதீங்க. கூண்டுக் கோழி கால் மடங்கறதுக்கு பாஸ்பரஸ் பத்தாததும் ஒரு காரணம்.

உப்பு. இத யாரும் மதிக்கறதில்ல. மிக்சிங்ல ஒரு நாள் உப்பு விட்டுப்போனா ஒண்ணும் தெரியாது, ஒரு வாரம் விட்டுப்போனா கோழி ஒண்ண ஒண்ணு கொத்த ஆரம்பிக்கும், தீவனம் எடுக்காது, முட்டை மளமளன்னு சரியும். மத்த சத்துக்கெல்லாம் கோழி தன் ஒடம்புல இருந்து எடுத்து சமாளிக்கும்னு சொன்னேன்ல, சோடியத்துக்கு அந்த மாதிரி பெரிய சேமிப்பு கெடையாது. கருவாடு சேக்கறவங்க அதுல வர்ற உப்பையும் சேத்துக் கணக்குப் போடணும், இல்லைன்னா தண்ணியாக் குடிச்சு எச்சம் தண்ணியாப் போகும்.

விட்டமின் எல்லாம் ப்ரீமிக்ஸ்ங்கற ரெடிமேட் கலவைல வந்துடுது, அத வெயில்ல வைக்காம, பழசாகாம பாத்துக்கிட்டா போதும். ஆனா ஒரு கதை மட்டும் சொல்லணும். 1890கள்ல ஜாவாவுல பட்டேவியாங்கற ஊர்ல, இன்னைக்கு ஜகார்த்தா, கிறிஸ்டியான் ஐக்மான்னு ஒரு டச்சு டாக்டர் மனுசங்களுக்கு வர்ற பெரிபெரி நோயப் பத்தி ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தாரு. அவரு கோழிங்களுக்கு ஆஸ்பத்திரில மிஞ்சுன தீட்டுன அரிசிச் சோத்தப் போட்டப்ப கால் துவண்டு விழுந்துச்சு, தவிடு போகாத அரிசிக்கு மாத்தினதும் எழுந்து நடந்துச்சு. அதுல ஆரம்பிச்சுதான் தயமின்னு ஒரு விட்டமினையே கண்டுபுடிச்சாங்க, 1929ல அவருக்கு நோபல் பரிசு குடுத்தாங்க. தவிட சும்மா ரொப்பறதுக்குப் போடற பொருளா நெனைக்கறவங்களுக்கு நான் இந்தக் கதையச் சொல்லுவேன்.

சத்து எவ்வளவு கரெக்டா இருந்தாலும் மக்காச்சோளத்துல பூஞ்சை இருந்தா எல்லாம் வீண். மழைக்காலத்துல வர்ற லோடுல கைய உள்ள விட்டுப் பாருங்க, சூடா இருந்தாலோ ஈர வாடை அடிச்சாலோ எறக்காதீங்க. அந்தப் பூஞ்சை உண்டாக்கற அஃப்ளாடாக்சின்ங்கற விஷம் ஈரலத் தாக்கும், மஞ்சக்கருவுக்கு வேண்டிய கொழுப்பும் புரோட்டீனும் தயாராகறதே ஈரல்லதான். 1960ல இங்கிலாந்துல லட்சம் வான்கோழி செத்தப்பதான் இந்த விஷத்தையே கண்டுபுடிச்சாங்க, அதுக்குக் காரணம் பிரேசில்ல இருந்து வந்த கடலைப்புண்ணாக்கு.

மஞ்சக்கரு வெளுத்திருந்தா சத்தில்லாத முட்டைன்னு சொல்றாங்களே, அது அப்படி இல்லைங்க. அந்த நெறம் மக்காச்சோளத்துல இருக்கற ஒரு நெறமி. மக்காச்சோளத்தக் கொறச்சு கம்பும் நொய்யும் போட்டா வெளுத்துடும், புரோட்டீன் அப்படியேதான் இருக்கும். ஓடு நல்லா இருக்கான்னு பாருங்க, அது கோழியப் பத்தி நெறையச் சொல்லும். நம்ம ஊரு ஸ்கூல் சத்துணவுல போற முட்டையும் இந்த மாதிரிப் பண்ணைங்கள்ல இருந்துதான் போகுது, அது ஒரு கொழந்தை தட்டுல விழறதுக்கு முன்னாடி எந்தக் கோழி எதக் குடுத்து அதப் போட்டுச்சுன்னு நான் யோசிக்காத நாள் இல்ல.

இப்ப நோட்டுல ஆறு கட்டம் இருக்கு. தீவனம் கிராம்ல, தண்ணி லிட்டர்ல, முட்டை எடை, உடைசல், வாரத்துக்கு ஒரு தடவ கோழி எடை, கடைசிக் கட்டத்துலதான் எண்ணிக்கை. கட்டம் போட்டுக் குடுத்தது அப்பாதான், ஸ்கேல் வச்சு ஒரு வருஷத்துக்குப் போட்டு வச்சுட்டாரு. போன வாரம் முட்டை எடை 53.6ல இருந்து 53.1க்கு வந்ததும் அவரே என்னக் கூப்புட்டு, "கண்ணு, தீவனம் எத்தன கிராம் எடுத்துச்சு பாரு"ன்னாரு. 3 கிராம் கொறஞ்சிருந்துச்சு, போயிப் பாத்தா ஒரு வரிசையில கோழி தண்ணி குடிக்கற நிப்பிள் அடச்சிருந்துச்சு. எண்ணிக்கை அன்னைக்கு 93.

வாசல்ல விட்ட கோழி அஞ்சாவது நாள் எழுந்து நின்னுச்சு, ரெண்டு வாரத்துல நடந்துச்சு. அத திரும்ப கூண்டுல விட எனக்கு மனசு வரல. அது இன்னும் வாசல்லதான் இருக்கு. எப்பவாவது ஒரு முட்டை போடும், நெஞ்செலும்பு அதே நெளிவோடதான் இருக்கு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு தீவனத்த எடுத்துட்டு நான் வெளிய வந்தா ஓடி வரும், ஆனா தட்ட வச்சதும் தீவனத்தத் தொடாது, பக்கத்துல இருக்கற கொட்டாங்குச்சிக்குப் போயி கிளிஞ்சல நாலு கொத்து கொத்தி முழுங்கிட்டுத்தான் இந்தப் பக்கம் திரும்பும்.